பதினாலு மில்லி

போன வாரம் மேஸ்திரியைத் திட்டித் தீர்த்துவிட்டீர்கள். "பெற்ற மகளுக்கு மருந்து கிடைக்கப் போகிறது, சரி என்று ஒரு கையெழுத்துப் போட இந்த மனுஷனுக்கு மூன்று மாதமா?" என்று கேட்டு வந்த கடிதங்களில் பாதியை அச்சில் ஏற்ற முடியாது. திட்டுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. கொஞ்சம் மிச்சம் வைத்துக்கொள்ளுங்கள், இந்த வாரம் வேறு ஆளுக்கும் தேவைப்படும்.

நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். மேஸ்திரி டைல்ஸ் போடுகிறவர். உயரம் நாலடி ஒரு அங்குலம். மரபணுவில் ஒரே ஒரு எழுத்து மாறிப் பிறந்தவர். அந்த எழுத்து மகளுக்கும் வந்துவிட்டது. மகளுக்குப் பன்னிரண்டு முடிய இன்னும் நாலு மாதம். எதற்கெடுத்தாலும் வாதாடுவாள் என்பதால் வீட்டிலும் பள்ளியிலும் அவளுக்குப் பெயர் வக்கீல்.

அம்மாவுக்கு ஜெராக்ஸ் கடை, ஊருக்கே அவள் ஜெராக்ஸ் அக்கா. நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு மருத்துவ மாணவன் நகலெடுக்க வந்து, ஒரு தாளைக் கண்ணாடி மேலேயே மறந்துவிட்டுப் போனான். அதில் 'அகாண்ட்ரோபிளேசியா' என்ற சொல், எலும்பை நீளவிடாத அந்த ஒற்றை எழுத்தின் மருத்துவப் பெயர், இருந்தது. பிரசவ வார்டில் ஒரு டாக்டர் இவள் முகத்தைப் பார்க்காமல் உதிர்த்துவிட்டுப் போன அதே சொல். தாளின் அடியில் இருந்த விலாசத்துக்கு எழுதினாள். பதில் வரவில்லை. மறுபடி எழுதினாள். ஏழாவது கடிதத்துக்கு ஆராய்ச்சி டாக்டரே ஃபோன் செய்தார். "மருந்து தயாராயிட்டு இருக்கும்மா. பிள்ளைங்கதான் இல்ல. சிதறிக் கிடக்காங்க" என்றார்.

சேர்த்துக் காட்டினாள். மூன்று வருஷம் அலைந்து, தன் வீட்டையும் சேர்த்து இருபது குடும்பங்களைப் பிடித்தாள். மூன்று மாதத்துக்கு ஒரு ஞாயிறு எல்லாப் பிள்ளைகளும் இவள் வீட்டு முன்னறைக்கு வந்து, சுவரில் அடித்திருக்கும் அளவுப் பலகையில் முதுகை ஒட்டி நிற்கும். அதற்குப் பெயர் அளவு நாள். மருந்து இல்லாமல் ஒரு வருஷத்தில் ஒரு பிள்ளை எவ்வளவு வளர்கிறது என்று தெரிந்தால்தான், மருந்து கொடுத்த பிறகு அது வேலை செய்கிறதா என்று தெரியும். அந்த ஒரு வருஷம் போன ஞாயிற்றோடு முடிந்தது. அடுத்த மாதம் ஊசி. பன்னிரண்டு வயது முடிவதற்குள் முதல் ஊசி போட்டுக்கொண்டவர்களுக்குத்தான் இடம். இன்று சாயங்காலம் நாலு மணிக்குக் கடைசிக் கையெழுத்து வாங்க ஆள் வருகிறார்கள்.

இருபது பேரில் ஒரு பையன் இப்போது பட்டியலில் இல்லை. அந்தக் கதை பிறகு.

இன்று சனிக்கிழமை, காலை ஏழரைக்கு ஆராய்ச்சி நர்ஸ் ஃபோன் செய்தாள்.

"அக்கா, காலங்கார்த்தால தொந்தரவு பண்றேன். உங்க பதிவேட்டைக் கம்ப்யூட்டர்ல ஏத்திட்டு இருந்தேன். ஒரு இடத்துல இடிக்குது."

"எந்த இடம்மா?"

"மூணாவது அளவு. ஸ்கூல் லீவு முடிஞ்சு எடுத்தீங்களே, அது. அந்த மூணு மாசத்துல எல்லாரும் ரெண்டு சென்டிமீட்டருக்கு மேல வளர்ந்திருக்காங்க. அதுக்கு முன்னாடியும் பின்னாடியும் யாரும் ஒண்ணைத் தாண்டல. ஒண்ணு ரெண்டு பிள்ளைன்னா விட்டுடலாம். அத்தனை பேரும்னா எப்படிக்கா? பலகையைக் கழட்டி மாட்டுனீங்களா?"

"ஐயோ, அதுல நான் கை வைப்பேனா? டாக்டர் வந்து சரிபார்த்து ஆணித் தலை மேல சிவப்பு பெயிண்ட் வச்சுட்டுப் போனாங்க. அது அப்படியே இருக்கு. வேணும்னா ஃபோட்டோ எடுத்து அனுப்பறேன்."

மனசாரத்தான் சொன்னாள். பலகைக்குப் பக்கத்தில் டாக்டர் ஒட்டிய காகிதம் இருந்தது. கழற்றக் கூடாது, நகர்த்தக் கூடாது, பெயிண்ட் அடிக்கக் கூடாது என்று வரிசையாக எழுதியிருந்தது. ஒரு வருஷமாக அந்தக் காகிதத்துக்குப் பயந்து அந்தச் சுவரில் ஒரு காலண்டர் கூட அவள் மாட்டியதில்லை.

ஃபோனை வைத்துவிட்டுத் துடைப்பத்தை எடுத்தாள். பாதி அறை பெருக்கியவள் குனிந்தபடியே நின்றுவிட்டாள்.

தரை. வெள்ளையும் சாம்பலுமாக, கோடு பிசகாத டைல்ஸ். ஏழு மாதத்துக்கு முன்னால் அவள் டாக்டரைப் பார்க்க வெளியூர் போயிருந்த இரண்டு நாளில் மேஸ்திரி போட்டு வைத்தது. வெடித்த சிமெண்ட் தரையில் தவழ்ந்த ஒரு குழந்தைக்கு முட்டி கிழிந்துவிட்டது என்று இவள் புலம்பியதற்காகப் போட்டது. ஊரிலிருந்து திரும்பி வந்து, கதவைத் திறந்து பார்த்துவிட்டு, மகள் எதிரிலேயே அவர் கன்னத்தைக் கிள்ளினாள். அதற்கு வக்கீல் ஆட்சேபம் தெரிவித்தாள்.

பலகை நகரவில்லை. தரை உயர்ந்திருக்கிறது. காகிதத்தில் தரையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

ஏழு மாதமாகத் தினமும் இரண்டு வேளை இந்தத் தரையைத் துடைத்தவள் அவள்தான். மேஸ்திரியை மட்டும் திட்ட முடியாது என்று நான் சொன்னது இதற்குத்தான்.

மேஸ்திரி வேலை செய்துகொண்டிருந்தது ஒரு புது வீட்டில். சுவர் எழுப்பி, பூசி, இன்னும் கதவு ஜன்னல் வைக்காத வீடு. புது இடத்தில் வேலைக்குப் போனால் வீட்டுக்காரர்கள் அவரை மேலும் கீழும் பார்ப்பார்கள். "தரையில வேலை பார்க்கிறவனுக்கு உயரம் எதுக்கு சார்?" என்று அவரே சிரித்துக்கொண்டு ஆரம்பித்து வைப்பார். சாயங்காலம் தரையைப் பார்த்துவிட்டு அவர்கள் வாயை மூடிக்கொள்வார்கள்.

இப்போது அவர் ஒரு சின்ன முக்காலியில் உட்கார்ந்து வேலை செய்தார். முன்பெல்லாம் குந்தி உட்கார்ந்தால் மதியம் வரை எழுந்திருக்க மாட்டார். இந்த இரண்டு வருஷமாகப் பத்து நிமிஷத்தில் இரண்டு காலும் மரத்துப் போகிறது. முதுகுத்தண்டில் நரம்பு போகிற வழி பிறவியிலேயே குறுகல், வயசாக ஆக நெருக்கும் என்று சொல்லிவிட்டார்கள். ஜெராக்ஸ் அக்கா மருந்து மருந்து என்று ஓடுவது மகள் அழகாக உயர வேண்டும் என்பதற்காக இல்லை. மகளுக்கும் அதே முதுகு. எலும்பு வளர்ந்தால் அந்த வழியும் கொஞ்சம் விரியுமா என்பதையும் இந்த ஆராய்ச்சி பார்க்கப் போகிறது. விரியும் என்று யாரும் சத்தியம் செய்யவில்லை. பார்ப்போம் என்றார்கள். அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு அவள் நாலு வருஷம் ஓட்டிவிட்டாள்.

மகளையும் கூட்டிக்கொண்டு வந்து நின்றவளைப் பார்த்து மேஸ்திரி நிமிர்ந்தார். "என்ன, கடை திறக்கலையா?"

"வக்கீல், நீ மாடிக்குப் போய் ஜன்னல் எத்தனை இருக்குன்னு எண்ணிட்டு வா."

"எதுக்கு?"

"போன்னா போயேன்டி."

"ஜன்னலே இன்னும் வைக்கல. ஓட்டையைத்தான் எண்ணணும். அதுக்கு ஃபீஸ் யார் குடுப்பா?" என்று முணுமுணுத்துக்கொண்டே வக்கீல் படியேறினாள். ஒவ்வொரு படியையும் கைப்பிடிச் சுவரைப் பிடித்துத்தான் ஏற வேண்டும் அவளுக்கு.

ஜெராக்ஸ் அக்கா குரலைத் தாழ்த்தினாள். "நம்ம முன்னறைல டைல்ஸ் போட்டீங்களே, தரை எவ்வளவு ஏறுச்சு?"

மேஸ்திரி ரப்பர் சுத்தியலைக் கீழே வைத்தார். வைத்த விதத்திலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"டைல்ஸ் ஒம்போது மில்லி, பசை அஞ்சு. பதினாலு."

"பிள்ளைங்க அளவு தப்பா வரும்னு தெரியுமா உங்களுக்கு?"

"போடும்போது சத்தியமா தோணல. பழைய தரையை உடைச்சா வீடெல்லாம் தூசின்னு மேலயே ஒட்டிட்டேன். அளவு நாள்ல முதல் பிள்ளை போய் நின்னுச்சு பாரு, அதோட அம்மா 'ஐயோ, ரெண்டு சென்டிமீட்டரு'ன்னு கத்துச்சே... அப்பவே தெரிஞ்சிருச்சு."

"ஆறு மாசம்! ஆறு மாசமா வாய்ல என்ன, பசை போட்டு ஒட்டியிருந்துச்சா?"

"சொல்லத்தான் எழுந்தேன். அதுக்குள்ள நம்ம பொண்ணு நின்னுட்டா. ரெண்டு புள்ளி மூணுன்னு நீதான் சத்தமாப் படிச்ச. அவ தெருவுல ஓடினதை நீ பார்க்கல, நான் பின்னாலயே போனேன். பஸ்ஸுக்கு நிக்கறவங்க, மருந்துக் கடைக்காரரு, நாயைப் பிடிச்சுட்டு நடக்கற அம்மா, ஒருத்தர் விடாம நிறுத்திச் சொன்னா. 'நான் வளர்ந்துட்டேன்'னு." மேஸ்திரி கையில் ஒட்டியிருந்த பசையை உரித்துக்கொண்டே பேசினார். "என் வயசுக்கு என்கிட்ட யாரும் அதைச் சொன்னதில்ல. ஒருத்தர் கூட. இவளுக்கு அன்னிக்கு ஒரு நாள் இருந்துட்டுப் போகட்டும், மறுநாள் சொல்லிக்கலாம்னு நினைச்சேன். மறுநாளும் அவ சிரிச்சுட்டுத்தான் எழுந்தா."

கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் ஜெராக்ஸ் அக்கா உருகவில்லை. எரிந்தாள்.

"பொய் சொல்லாதீங்க. உங்களுக்கு இந்த மருந்தே பிடிக்கல. மூணு மாசம் அந்தக் காகிதத்தை இழுத்தடிச்சீங்க. இது கெட்டா கெடட்டும்னு இருந்துட்டீங்க. அதானே?"

"பிடிக்கலதான்." மேஸ்திரி மறுக்கவில்லை. "இன்னிக்கும் பிடிக்கல. என்னை மாதிரி இன்னொருத்தர் வந்துடக் கூடாதுன்னு பத்து டாக்டருங்க ரூம் போட்டு யோசிக்கறாங்க. அதுக்கு என் பொண்டாட்டி ஆள் சேர்த்து விடறா. எனக்கு எப்படி இருக்கும்னு ஒரு நாளாவது கேட்டியா? ஆனா வேணும்னு செய்யல. நம்பினா நம்பு, இல்லன்னா போ."

பாதி நம்பினாள். நம்பாத பாதி அன்றைக்குப் பூராவும் அவளை அறுத்தது.

"சரி, அந்தப் பதினாலைக் கழிச்சுட்டா?"

"எதுல கழிப்ப? பழைய தரை சுவரோரம் பூரா பள்ளம். மேட்டுல அஞ்சு மில்லி பசை போட்டேன், பள்ளத்துல பன்னெண்டு வரைக்கும் வாங்குச்சு. எந்தப் பிள்ளை எந்தப் பள்ளத்துல குதிகாலை வச்சு நின்னுச்சோ, யாருக்குத் தெரியும்? டைல்ஸுக்கு முந்தின அளவு எதையுமே நம்ப முடியாது."

அவள் சுவரில் சாய்ந்துகொண்டாள். கணக்கு தானாக ஓடியது. பழைய அளவுகளைத் தூக்கிப் போட்டால் கையில் நிற்பது ஆறு மாதம். ஒரு வருஷம் ஆக இன்னும் ஆறு மாதம் அளக்க வேண்டும். மற்ற பிள்ளைகள் எல்லாம் சின்னதுகள், ஆறு மாதம் காத்திருந்து ஊசி போட்டுக்கொள்ளும். இவள் மகளுக்கு நாலு மாதத்தில் பன்னிரண்டு முடிந்துவிடும். உண்மையைச் சொன்னால் எல்லோருக்கும் தாமதம், இவளுக்கு மட்டும் இல்லவே இல்லை.

"யார்கிட்டயும் மூச்சு விடாதீங்க" என்றாள்.

மேஸ்திரி அவளையே பார்த்தார். "நீயா சொல்ற?"

"நான்தான் சொல்றேன்."

"மருந்துக்கு முந்தின வருஷம் பொய்யா ஏறிக் கிடக்குது. மருந்து வருஷத்துக்கு ஒன்றரை சென்டிமீட்டர் கூட்டினாலே பெரிசுன்னு நீதான் சொன்ன. அந்த ஒன்றரையை என் தரை முழுங்கிடும். நல்ல மருந்தா இருந்தாலும் உதவாதுன்னு எழுதி மூடிடுவாங்க. மத்த பிள்ளைங்க, இனிமே பிறக்கப் போற பிள்ளைங்க..."

"மூடட்டும். அதுக்குள்ள இவளுக்குப் போட்டது போட்டதுதானே?" என்று அவள் சீறினாள். "உங்க கால் இன்னிக்குக் காலைலேர்ந்து எத்தனை தடவை மரத்துச்சு? சொல்லுங்க. அந்தக் கணக்கை மட்டும் சொல்லுங்க."

அவர் சுத்தியலை எடுத்து, ஏற்கனவே சரியாக உட்கார்ந்திருந்த ஒரு டைல்ஸைத் தட்டினார்.

படியில் சத்தம் கேட்டது. "ஒம்போது" என்று சொல்லிவிட்டு வக்கீல் அம்மா கையைப் பிடித்துக்கொண்டாள். கதவு வைக்காத வீட்டில் ஒருவர் தும்மினால் நாலு அறைக்குக் கேட்கும் என்பது கோபத்தில் பெரியவர்கள் இருவருக்கும் நினைவில்லை.

கடையில் வக்கீல் காகிதக் கட்டுகளைப் பிரித்து அடுக்கிக்கொண்டிருந்தாள். வழக்கமாக வருகிறவர்களையெல்லாம் குறுக்கு விசாரணை செய்கிற பெண். இன்று கேட்டதற்கு மட்டும் பதில். பசியாக இருக்கும் என்று நினைத்து அம்மா பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்து வைத்தாள். அது அப்படியே இருந்தது.

பதினொன்றரைக்கு சாக்ஸ் அம்மா வந்தாள்.

முன்பே சொல்லியிருக்க வேண்டிய கதை இது. இந்த அம்மாவின் மகனுக்கு ஒன்பது வயது. அவன் வளர்ச்சி ரொம்பவும் குறைந்துகொண்டே வந்தது. மிகவும் குறைந்தால் ஆராய்ச்சியில் சேர்க்க மாட்டார்கள். போன தடவைக்கு முந்தைய அளவு நாளில், பையனுக்குக் காய்ச்சல், சாக்ஸைக் கழற்ற வேண்டாம் என்று கெஞ்சினாள். ஜெராக்ஸ் அக்கா கழற்றினாள். உள்ளே இரண்டு மடிப்பு அட்டை. எல்லாக் குடும்பங்களும் பார்த்துக்கொண்டிருக்க, அந்த இடத்திலேயே அவன் பெயரை அடித்தாள். "ஒருத்தர் பொய் அளவு குடுத்தா எல்லாப் பிள்ளைங்க வாழ்க்கையும் பொய்யாயிடும்" என்று அவள் அன்று பேசியதைக் கேட்டுச் சில அப்பாக்கள் கைதட்டினார்கள். அந்தப் பையன் ஒற்றைச் சாக்ஸோடு அழுதுகொண்டே போனான். அன்றிலிருந்து அவன் அம்மாவுக்கு இந்தப் பெயர்.

"ரெண்டு காப்பி அக்கா" என்று பையனின் பழைய மருத்துவச் சீட்டுகளை நீட்டினாள். பிறகு, யாரோ சொல்லிக்கொடுத்து மனப்பாடம் செய்தவள் மாதிரி ஒப்பித்தாள். "இன்னிக்குக் கடைசி லிஸ்ட் போகுதாமே. ஒரு தடவை டாக்டர்கிட்ட பேசிப் பாருங்களேன். புத்தி கெட்டுப் போய் செஞ்சுட்டேன். என் தப்புக்கு அவன் என்ன செய்வான்?"

"விதி எல்லாருக்கும் ஒண்ணுதாம்மா. நான் என்ன செய்யட்டும்?"

சொல்லி முடிப்பதற்குள் ஃபோன். நர்ஸ்.

"அக்கா, டாக்டர் இன்னொரு தடவை கேட்கச் சொன்னாங்க. பலகை சரி. சுவர்ல, தரையில ஏதாவது வேலை நடந்துச்சா?"

மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. காகிதம் ஒவ்வொன்றாக விழுந்தது.

"தரையா? இல்லையேம்மா. தரை எப்பவும் இருக்கற தரைதான். லீவுல நல்லா சாப்பிட்டு நல்லா தூங்கியிருப்பாங்க, அதான் வளர்ந்திருக்காங்க."

"அப்படியே எழுதிக்கறேன். நாலு மணிக்கு வந்துடறேன்."

ஃபோனை வைத்துவிட்டு மெஷினிலிருந்து நகல்களை எடுத்து நீட்டினாள். சாக்ஸ் அம்மா நகல்களை மடித்துப் பைக்குள் வைத்தாள். நிதானமாக வைத்தாள்.

"அன்னிக்கு சாக்ஸைக் கழட்டினதும் என் பையன் டைல்ஸ் சில்லுன்னு இருக்குன்னு அழுதான். முதல் ரெண்டு தடவை வந்தப்ப உங்க வீட்டுல டைல்ஸ் இல்ல, இல்லக்கா?"

பதிலுக்கு அவள் காத்திருக்கவில்லை. சில்லறையைக் கூட வாங்காமல் போய்விட்டாள். மெஷினுக்குப் பின்னால் வக்கீல் அடுக்கிய கட்டையே மறுபடி அடுக்கினாள்.

நாலு மணிக்கு நர்ஸ் வந்தாள். சின்னப் பெண், முதுகில் பை. இந்த வீட்டுக்கு வருவது முதல் தடவை. செருப்பை வாசலில் விட்டு உள்ளே கால் வைத்ததும், "அப்பா, குளுகுளுன்னு இருக்கு!" என்றாள். மேஸ்திரி வேலையிலிருந்து சீக்கிரம் வந்து, குளித்து, சட்டை மாற்றி, சுவரோரம் உட்கார்ந்திருந்தார். ஜெராக்ஸ் அக்காவுக்கு அவர் முகத்தைப் பார்க்கப் பயமாக இருந்தது.

நர்ஸ் ஒரு தாளை எடுத்துப் படித்தாள். "இந்த ஒரு வருட காலத்தில் அளவெடுத்த கருவியிலோ இடத்திலோ எந்த மாற்றமும் செய்யப்படவில்லை என உறுதி கூறுகிறேன். இது உங்களுக்கு அக்கா. அண்ணே, உங்களுக்குப் பொண்ணோட சம்மதக் காகிதம். வக்கீலம்மா, நீயும் கீழ ஒரு கையெழுத்துப் போடணும், தெரியுமா?"

வக்கீல் தலையாட்டினாள். தினமும் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும் என்று தெரிந்த நாளிலிருந்து, காலி சிரிஞ்சை வைத்துத் தலையணையில் குத்திப் பழகியவள். தலையணையில் பஞ்சு வெளியே வந்துவிட்டது.

ஜெராக்ஸ் அக்கா பேனாவை வாங்கினாள். மகளைப் பார்த்தாள். அந்தக் குட்டைக் கை விரல்களைப் பார்த்தாள். கை நடுங்கவில்லை. நடுங்கும் என்று எதிர்பார்த்தவர்கள் தாய்மாரைப் பற்றித் தெரியாதவர்கள். முதல் எழுத்தைப் போட்டாள்.

"நிறுத்து" என்றார் மேஸ்திரி. "இந்தத் தரை ஏழு மாசத்துக்கு முன்னாடி நான் போட்டதும்மா. பழைய தரை மேலயே. பதினாலு மில்லி ஏறியிருக்கு. பள்ளமான இடத்துல இருபதுக்கும் மேல."

நர்ஸ் குனிந்து தரையைப் பார்த்தாள், பலகையைப் பார்த்தாள், நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். "அதான்" என்றாள். கோபப்பட்டிருந்தால் கூடத் தேவலை.

அப்புறம் எல்லாம் வேகமாக நடந்தது. டைல்ஸுக்கு முந்தைய அளவுகள் செல்லாது. எல்லோருக்கும் இன்னும் ஆறு மாதம். நர்ஸ் வக்கீலின் பிறந்த தேதியைப் பார்த்தாள், தாளைப் புரட்டினாள், மறுபடி பார்த்தாள். "பன்னெண்டு தாண்டிடும் அக்கா" என்று மெதுவாகச் சொன்னாள். மகள் பக்கம் திரும்பி, "வேற ஆராய்ச்சி வரும்மா" என்றாள்.

"எப்போ?"

"தெரியலம்மா."

நர்ஸ் பையிலிருந்து வேறொரு தாள் எடுத்தாள். எழுதுவதற்கு முன் பேனாவை நிறுத்தினாள். "அக்கா, இதைக் கேட்காம விட முடியாது. உங்களுக்கு எப்போ தெரியும்? முன்னாடியே தெரிஞ்சு மறைச்சிருந்தா இந்தக் குழுவையே விட்டுடுவாங்க. டைல்ஸுக்கு அப்புறம் எடுத்த அளவையும் நம்ப மாட்டாங்க. பத்தொன்பது பேரும் வெளிய."

மேஸ்திரி முந்திக்கொண்டார். "அளவு கெட்டுப் போனது அவளுக்குத் தெரியாது. இப்ப நான் சொல்லித்தான் தெரியும். என் தப்பு."

நாலு வருஷம் அவள் கட்டியது அவர் வாயால் இடிந்தது. அதே வாய்தான் இப்போது அவளைக் காப்பாற்றியது. அதற்கு நன்றி சொல்வதா, செருப்பால் அடிப்பதா என்று அவளுக்குத் தெரியவில்லை. 'குழுப் பொறுப்பாளருக்கு இன்று மாலை நாலரை மணிக்குத்தான் தெரியவந்தது' என்று, பதினொன்றரைக்கு ஃபோனில் வந்த பதிலைக் கிளறாமல், நர்ஸ் எழுதி நீட்டினாள்.

ஜெராக்ஸ் அக்கா கையெழுத்துப் போட்டாள்.

நர்ஸ் போன பிறகு கதவைச் சாத்தக் கூட யாரும் எழுந்திருக்கவில்லை. வக்கீல் பலகைக்கு அடியில் போய் உட்கார்ந்தாள்.

"அப்பா, அன்னிக்கு நான் நிஜமா எவ்வளவு வளர்ந்தேன்?"

"தெரியாதுடா கண்ணு. யாருக்குமே தெரியாது."

"ஒரு மில்லி கூடத் தெரியாதா?"

மேஸ்திரி இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். அவர் அழுது அவள் பார்த்ததில்லை. பார்க்காத மாதிரி அம்மா பக்கம் திரும்பினாள்.

"நீ ஏம்மா இப்பத்தான் தெரியும்னு கையெழுத்துப் போட்ட? காலைலயே உனக்குத் தெரியும். நான் படியிலதான் நின்னுட்டு இருந்தேன்."

ஜெராக்ஸ் அக்காவுக்கு மகளிடம் பொய் சொல்ல இனித் தெம்பில்லை. "போடலன்னா மத்த பதினெட்டுப் பிள்ளைங்களுக்கும் இல்லாமப் போயிடும்டி."

வக்கீல் அதை யோசித்தாள். நியாயமாகத்தான் யோசித்தாள். அந்தப் பதினெட்டு பேரையும் அவளுக்குத் தெரியும். அளவு நாளில் அதுகளுக்கு ஷூ நாடா கட்டிவிடுகிறவள் அவள்தான்.

"சரி" என்றாள். "பதினெட்டு பேருக்குன்னா பொய் சொல்ல முடியுது. எனக்குன்னு வரும்போது மட்டும் ஏம்மா அப்பா யோக்கியமாயிட்டாரு?"